சாம்பல் புதன்

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ‘சாட்சி’ வாசிக்க வந்தவர்கள் ஏமாறக் கூடாது. நான் ஞானஸ்நானம் எடுக்கவில்லை, கனவில் ஒருவரும் வரவில்லை, தீராத வருத்தம் எதுவும் தீரவுமில்லை. ஒரு புதன்கிழமை பின்னேரம் கிளிநொச்சியில் ஒரு சின்ன அங்கிலிக்கன் சேர்ச்சுக்குப் போனேன், அவ்வளவுதான். அதுவும் பிழையாக அடித்த போட்டோக்கொப்பியால்.

2023 பெப்ரவரி. ஏ-9 வீதியோரம் ஒரு கொமினிகேசனில் வேலை செய்துகொண்டிருந்தேன். அடையாள அட்டைக் கொப்பி, ரீலோட், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் புறொஜெக்ட் என்று ஒரே மாதிரி ஓடும் நாட்கள். காலபோக அறுவடை நேரம். வீதி ஓரமெல்லாம் நெல் காய்ந்தது, கடைக்கு வருபவர்களின் காலோடு பதரும் உள்ளே வந்தது. மின்வெட்டு நின்றுவிட்டது, பில் ஏறிவிட்டது. பேப்பர் விற்ற விலைக்கு ஒரு தாளை வீணாக்கினாலும் முதலாளியின் முகம் கோணும்.

செவ்வாய்க்கிழமை ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் வந்தா. “பிள்ளை, இது இரண்டு பக்கமும் வரவேணும். நாப்பது கொப்பி.” நாளைக்குச் சாம்பல் புதன் வழிபாடாம், ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் நோன்பு தொடங்கும் நாள். “கத்தோலிக்க ஆக்கள் விபூதிப் புதன் எண்டுவினம். ரெண்டும் ஒண்டுதான்.”

விபூதி என்ற சொல்லில் நின்ற என் மூளை மெஷினைக் கவனிக்கவில்லை. பின்பக்கம் முழுவதும் தலைகீழாக விழுந்திருந்ததை அடுத்த நாள் மத்தியானம்தான் கண்டேன், மிஞ்சிக் கிடந்த ஒரு தாளில். முதலாளிக்குச் சொல்லாமல் என் காசில் நாற்பதையும் திரும்ப அடித்து, சைக்கிளில் கொண்டு போனேன்.

சேர்ச் வளவுக்குள் ரீச்சர் குந்தியிருந்து எதையோ எரித்துக்கொண்டிருந்தா. பழைய பால்மா ரின். அதற்குள் காய்ந்து மண்ணிறமாகிப்போன தென்னங்குருத்துச் சிலுவைகள். போன வருடம் குருத்தோலை ஞாயிறுக்குப் பின்னியவையாம். வருடம் முழுக்க வீடுகளில் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்ததை இந்தக் கிழமை திருப்பிக் கொண்டு வருவார்கள். ஓலை பிடித்த உடனேயே படபடவென்று எரிந்து அடங்கியது. சாம்பல் கறுப்பு.

“எங்கட திருநீறு வெள்ளை” என்றேன், ‘எங்கட’ என்று ஏன் சொன்னேன் என்று தெரியாமலே. நான் திருநீறு பூசி வருடக்கணக்கு.

“அது சாணம். நல்லா வேகவிட்டு எடுக்கிறது. இது ஓலைதானே, அரைவாசி கரி” என்று சொல்லிக்கொண்டே ரின்னைக் கவிழ்த்து, தேத்தண்ணி வடியில் போட்டு, கரண்டியின் அடியால் தேய்த்து அரித்தா. பிறகு தேங்காய் எண்ணெய் சொட்டுச் சொட்டாக. “தண்ணி விடக்கூடாது பிள்ளை, சாம்பலும் தண்ணியும் சேர்ந்தா தோலை எரிச்சுப்போடும். ஒலிவ் எண்ணெய் விடச் சொல்லித்தான் சொல்லுறவை. விக்கிற விலைக்கு அது சரிவருமே?” எண்ணெய் கூடினால் வழியுமாம், குறைந்தால் கண்ணுக்குள் கொட்டுமாம். நெற்றியை விட மூக்கில் கூடச் சாம்பல் விழுந்த வருடங்களும் உண்டாம்.

தாள்களைக் கொடுத்தேன். தலைகீழாக விழுந்த கொப்பிகளைப் பற்றி மன்னிப்புக் கேட்டேன். “அதுக்கென்ன, ஆக்கள் தலைகீழாப் பிடிச்சு வாசிச்சிருப்பினம்” என்றா. பிறகு, “இருக்கிறதெண்டா இரு. போறதெண்டா இருட்ட முதல் போ.”

இருந்தேன்.

ஏன் என்று கேட்டால், ஆர்வம் என்பதை விட அந்த ‘போறதெண்டா போ’தான் காரணம். இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில் அரிசிப் பையும் புத்தகமுமாக வந்த ஒரு சபை ஆட்களை எனக்கு நினைவிருக்கிறது. பேயைக் கும்பிட்டதால்தான் உங்களுக்கு இந்த அழிவு என்று அம்மாவின் முகத்துக்கு நேரே ஒருவர் சொன்னார். அம்மா அரிசியை வாங்கவில்லை. அன்றிலிருந்து வெள்ளைச் சேட்டோடு யார் வந்தாலும் எங்கள் வீட்டுப் படலை திறக்காது. அது ஒரு புறம். கோயில் மறுபுறம். எனக்குக் கோயிலோடு கோபமில்லை. கோபப்பட அங்கே யாராவது இருக்க வேண்டுமே.

வாசலில் ஏழெட்டுச் சோடி செருப்பு. நானும் கழற்றினேன். கடைசி வாங்கில், தூணோரம். பீடத்தில் ஊதாத் துணி. பூ இல்லை, நாற்பது நாளைக்கு வைக்க மாட்டார்களாம். நுளம்பு தாராளமாக. வந்திருந்தது முப்பது பேர் வரும், பாதிக்கு மேல் பெண்கள்.

ரீச்சர் யாழ்ப்பாணத்தில் சுண்டுக்குளி மகளிர் கல்லூரியில் படித்தவ, சரித்திரம் கற்பித்தவ. வழிபாடு தொடங்கும் வரை காதோடு காதாக ஒரு பாடமே நடத்தி முடித்தா. 1818 இல் சேர்ச் மிஷனறிச் சங்கம் இலங்கைக்கு அனுப்பிய நால்வரில் யோசப் நைற் என்பவர் நல்லூருக்கு வந்தது, 1845 இல் கொழும்பு மறைமாவட்டம் உருவானது, 1950 இல் குருநாகல் தனியாகப் பிரிந்தது. இலங்கை அங்கிலிக்கன் திருச்சபைக்கு இந்த இரண்டு மறைமாவட்டங்கள்தான். நாங்கள் இருந்த வாங்கு கொழும்போடு சேர்ந்தது. “அப்ப மொறட்டுவையிலயும் இதே ஆயர்தான்?” என்று கேட்டேன். ஓம் என்றா. அங்கே இன்றைக்குச் சிங்களத்தில் இதையேதான் சொல்லுவார்கள் என்றா.

அது எனக்குள் எங்கோ போய்க் குத்தியது. இதே நேரம் தெற்கில் ஒரு தாய், இராணுவத்துக்கு மகனை அனுப்பிய தாயாகக்கூட இருக்கலாம், அதே சாம்பலுக்காக வரிசையில் நிற்கிறாள். இதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.

பாடினார்கள், வாசித்தார்கள். பிரசங்கம் நீளமில்லை, என் மனதிலும் நிற்கவில்லை. மத்தேயுவில் ஒரு பகுதி மட்டும் நின்றது. உபவாசிக்கும்போது வாடிய முகத்தோடு திரியாதே, தலைக்கு எண்ணெய் வை, முகத்தைக் கழுவு, ஊருக்குக் காட்டாதே என்று இயேசு சொல்கிறார். அதை வாசித்த கையோடு எல்லாருக்கும் நெற்றியில் கரி பூசப் போகிறார்கள்! ரீச்சரின் பக்கம் சரிந்து இதைச் சொன்னேன். தோள் குலுங்கச் சிரித்தா. “நாப்பது வருசமா எனக்கும் அதுதான் விளங்கேல்லை. ஒவ்வொரு வருசமும் ஃபாதரிட்டக் கேக்கிறனான். ஃபாதர்மார் மாறினவை, பதில் மாறேல்லை. பதிலும் பெரிசா ஒண்டுமில்லை.”

பாவ அறிக்கைக்கு எல்லாரும் முழந்தாளிட்டார்கள். நான் தாளைப் பார்த்துக்கொண்டு இருந்தேன், நான் அடித்த தாள். நினைவாலும் சொல்லாலும் செயலாலும் பாவம் செய்தோம் என்ற வரிகளை முன்வாங்கில் இருந்த அம்மா ஒருவர் மனப்பாடமாகச் சொன்னா. ஒரு கை முழங்கைக்குக் கீழே இல்லை. எனக்கு வாய் திறக்கவில்லை. வன்னியில் இருந்துகொண்டு, முழந்தாளிட்டு, நாங்கள் செய்தோம் என்று நாங்களே சொல்வதா? செய்தவர்கள் எங்கே முழந்தாளிட்டார்கள்? அந்த இடத்தில் எழும்பிப் போய்விட நினைத்தேன். போகாததற்குக் காரணம் பக்தியல்ல. சைக்கிள் திறப்பு ரீச்சரின் பைக்குள் இருந்தது, தாள்களோடு சேர்த்துக் கொடுத்துவிட்டிருந்தேன்.

பிறகு சாம்பல்.

“விருப்பமெண்டா வா. சாம்பல் எல்லாருக்கும். நற்கருணைதான் ஞானஸ்நானம் எடுத்த ஆக்களுக்கு. வராட்டியும் ஒருத்தரும் திரும்பிப் பாக்கமாட்டினம்” என்றா ரீச்சர்.

வரிசையில் கடைசி ஆளாகப் போனேன். ஃபாதரின் பெருவிரல் நகக்கண் வரை கறுத்திருந்தது. நெற்றியில் மேலிருந்து கீழாக ஒன்று, குறுக்கே ஒன்று. எண்ணெய் குளிர்ந்தது. “நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய்.” பெயர் கேட்கவில்லை. அடுத்த ஆளைப் பார்ப்பதுபோல என் பின்னால் பார்த்தார், ஒருவரும் இல்லை, கையைத் துடைத்துக்கொண்டார்.

‘மண்’ என்ற சொல்லை நான் எத்தனை விதமாகக் கேட்டு வளர்ந்தேன்! மண்ணுக்காக, மண்ணை மீட்க. புதைப்பதைக்கூட விதைப்பது என்றுதான் சொன்னார்கள். என் கை அறிந்த மண் வேறு. முள்ளிவாய்க்காலில் எனக்கு எட்டு வயது. அம்மா தன் கூறைச் சேலையை வெட்டி மூட்டை தைத்துத் தர, நானும் அண்ணாவும் கடற்கரை மணலை அள்ளி நிரப்பினோம். நனைந்த மணல் நகத்துக்குள் ஏறி நின்றது. சரிகைக் கரை வெளியே தெரிய பங்கர் வாசலில் அடுக்கிவிட்டு, “சாமத்தியவீட்டுப் பந்தல் மாதிரி இருக்கு” என்று அண்ணா பகிடி விட்டான். சில கிழமைகளில் வட்டுவாகல் பாலம் தாண்டி, இராணுவத்திடம் பெயர் பதிய என்று இறங்கியவன், இன்னும் வரவில்லை.

யாரோ ஒருவர் என் நெற்றியைத் தொட்டு, மண்ணுக்காக எதையும் செய் என்று சொல்லாமல், நீ மண் என்று மட்டும் சொன்னது அதுதான் முதல் தடவை. கேட்டு அழவில்லை. மூச்சு மட்டும் கொஞ்சம் இறங்கிப் போனது.

நற்கருணைக்குப் போகவில்லை. ஞானஸ்நானம் இல்லாதவர்கள் கைகளை நெஞ்சுக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு போனால் ஆசீர்வாதம் மட்டும் கொடுப்பார்களாம். அன்றைக்கு அதுவரை வந்ததே போதும் என்று இருந்துவிட்டேன்.

முடிந்தபின் விறாந்தையில் பிளேன்ரீ. என்ன மதம் என்று ஒருவரும் கேட்கவில்லை. வீடு எங்கே, தகப்பன் யார், கொமினிகேசனில் ஒரு பக்கத்துக்கு என்ன எடுக்கிறார்கள் என்று கேட்டார்கள். ஒரு ஐயா போனை நீட்டி, தமிழ் எழுத்தெல்லாம் பெட்டி பெட்டியாக வருது, பார் பிள்ளை என்றார். பார்த்துக் கொடுத்தேன். ஒரு அன்ரி மட்டும் “அப்ப படிப்பிச்சு ஞானஸ்நானம் எடுக்கலாமே” என்று தொடங்கினா. ரீச்சர் வெட்டிவிட்டா: “கொப்பி கொண்டு வந்த பிள்ளையடி. தேத்தண்ணியைக் குடிக்க விடு.”

இந்த வரவேற்பும் ஒருவகைத் தூண்டில்தானோ என்று எனக்குச் சந்தேகம் இல்லாமலில்லை. மெதுவாக இழுக்கிற தூண்டில். ஆனால் ரீச்சர் ஞாயிறு வா என்று சொல்லவேயில்லை. திறப்பைத் தந்துவிட்டு, டைனமோ வேலை செய்யுதோ என்று மட்டும் கேட்டா. (அதற்குப் பிறகு நான் போன நாட்கள் உண்டு, போகாத மாதங்களும் உண்டு. விசுவாசப் பிரமாணம் வந்தால் எழும்பி நிற்பேன், வாய் அசையாது. அது அங்கே எல்லாருக்கும் தெரியும்.)

இரவு ஏழு மணி தாண்டித்தான் வீடு வந்தேன். அம்மா அடுப்படியில். போன சனிக்கிழமை சிவராத்திரிக்கு முழித்திருந்தவ, திங்கட்கிழமை கந்தசுவாமி கோயிலடிக்குப் போய் வந்தவ. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் அங்கே போராட்டம் தொடங்கியது 2017 பெப்ரவரி 20. அந்தத் திங்களோடு ஆறு வருடம். அண்ணாவின் படம் இன்னும் பொலித்தீன் உறையோடு கதிரையில் கிடந்தது, உள்ளே வைக்க அவவுக்கு மனம் வந்திருக்கவில்லை.

“என்னடி நெத்தியில?”

“சாம்பல். வேதக்காரற்ற கோயிலுக்குப் போனனான்.”

அகப்பை நின்றது. திட்டு வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கிட்ட வந்து விளக்கு வெளிச்சத்தில் என் முகத்தைத் திருப்பிப் பார்த்தா. விரலால் ஓரத்தைத் தொட்டு மணந்தும் பார்த்தா.

“தேங்காய் எண்ணெய்” என்றா. பிறகு, “போய் முகத்தைக் கழுவிப்போட்டு வா. சாப்பாடு ஆறுது.”

கிணற்றடியில் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் தேய்த்தும் அது முழுதாகப் போகவில்லை.