‘என்ர பதில்தானே, மிஸ்’

பத்தாவது கேள்விக்குப் போட்ட பதிலை மாற்றிவிடும்படி அந்தத் தாய் கேட்டார். முடியாது என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன் என்று நினைக்கிறேன். அப்படியிருந்தும் சில நிமிடமே நடந்த அந்தப் பேச்சை மனம் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறது. ஒரு நாள் என் பக்கம் நியாயம் தெரிகிறது, மறுநாள் அவர் பக்கம்.

அந்தக் கேள்வித் தாளைப் பற்றி என்னைப்போல மருத்துவமாதாக வேலை செய்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாக: எடின்பரோ அளவுகோல் என்பார்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க ஜோன் கொக்ஸ் என்ற மனநல வைத்தியரும் அவரோடு வேலை செய்தவர்களும் ஸ்கொட்லாந்தில் உருவாக்கி 1987இல் வெளியிட்டது. பத்துக் கேள்விகள். கடந்த 7 நாட்கள் எப்படி இருந்தீர்கள் என்றுதான் கேட்கும். தாய் தானே வாசித்துத் தானே அடையாளம் போட வேண்டும். எனக்கு அதில் பிடித்தது ஏழாவது கேள்வி. நித்திரை வருகிறதா என்று பொதுவாகக் கேட்காது. பச்சைப் பிள்ளை உள்ள வீட்டில் யாருக்குத்தான் ஒழுங்கான நித்திரை? மனவருத்தத்தால் நித்திரை கொள்ள முடியாமல் இருந்ததா என்று கேட்கும். பிள்ளை உறங்கிய பிறகும் கண் மூடாமல் கிடக்கிற தாயை அந்த ஒரு கேள்வி காட்டிக் கொடுத்துவிடும். பத்தாவது, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. மொத்தப் புள்ளி எவ்வளவு குறைவாக இருந்தாலும், அங்கே ‘ஒருபோதும் இல்லை’ தவிர வேறு எது இருந்தாலும் அப்படியே வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

இவர் ஏழாவதிலும் ‘ஆம்’ பக்கம்தான் அடையாளம் போட்டிருந்தார். பத்தாவதில், ‘சில வேளைகளில்’.

எனக்குத் தெரியாத ஆள் இல்லை. பிள்ளை பிறந்த கிழமையிலிருந்து வீட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கிறேன். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை, தொடர்மாடியில் இரண்டு அறை வீடு. ரயில் போனால் யன்னல் கண்ணாடி அதிரும். கணவர் கட்டாரில். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த இவருடைய அம்மா 31ஆம் நாள் துடக்குக் கழித்த கையோடு திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு மாமியும் இவரும் பிள்ளையும்தான். பின்னேரம் ஆறு மணிக்குத் தொடங்கினால் பதினொன்று, பன்னிரண்டு வரை பிள்ளை வீரிட்டு அழுகிறான் என்று சொல்லியிருந்தார். மாமிக்கு இரண்டு காரணம் இருந்தது: ஒன்று பால் காணாது, மற்றது நாவூறு.

பால் காணாது என்பது உண்மையில்லை. பிள்ளை நன்றாகச் சலம் போகிறான், நிறை ஒழுங்காக ஏறுகிறது. பதிவேட்டில் கோட்டைக் காட்டி மாமிக்கும் விளங்கப்படுத்தினேன். இந்த வயதில் அழுகை கூடிக் கூடி வந்து, ஆறு கிழமை அளவில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாகவே இறங்கும். சுகமான பிள்ளையும் அப்படித்தான் அழும். இரவு பகல் என்ற கணக்கு உடம்பில் ஏறவே இரண்டு மூன்று மாதம் செல்லும். தாங்க ஏலாமல் வந்தால் பிள்ளையைப் பத்திரமான இடத்தில் நிமிர்த்திக் கிடத்திவிட்டு ஐந்து நிமிடம் வெளியே நில்லுங்கள், அழுவதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, ஆத்திரத்தில் உலுக்கினால்தான் ஆபத்து என்று சொன்னேன். “விட்டுட்டு வெளியில நிக்கிறதோ?” என்றார் மாமி. இவர் ஒன்றும் சொல்லவில்லை.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். கிளினிக்கில் தாளை நிரப்பும்போது பிள்ளை அழத் தொடங்கியதால் மாமி அவனைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்குப் போனார். அவர் பக்கத்தில் இருந்திருந்தால் அந்தப் பதில் வந்திராது. இது எனக்கு நிச்சயம்.

“இந்த எண்ணம் எப்ப வரும் தங்கச்சி?”

“இரவில. அவன் விடாமல் அழேக்க. நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதியா இருக்கும் எண்டு வரும். அவ்வளவுதான், மிஸ்.”

பிள்ளையை ஏதும் செய்துவிடுவேன் என்ற பயம் வந்ததா என்றும் கேட்டேன். இல்லை என்றார், உடனே. நான் பேனையை எடுத்தேன்.

“எங்க எழுதுறீங்கள்?”

“டொக்டரிட்டக் காட்ட வேணும்.”

“அங்கொடைக்கு அனுப்பப் போறீங்களோ?”

அங்கொடை என்றால் எங்கள் ஆட்களுக்கு மனநோய் ஆஸ்பத்திரிதான். இல்லை என்றேன். கதைத்து, தேவையென்றால் மருந்து தருவார்கள், பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்து இருக்கிறது, பிள்ளையை யாரும் பிரிக்க மாட்டார்கள் என்றேன். அவர் விறாந்தைப் பக்கம் பார்த்தார்.

“மாமிக்குத் தெரியவரும். விசர் எண்டு சொல்லுவினம். மிஸ், தாளைத் தாங்கோ, ஒருநாளும் இல்லை எண்டு மாத்திப் போட்டுத் தாறன்.”

“மாத்த ஏலாது.”

“ஏன் ஏலாது? என்ர பதில்தானே, மிஸ்.”

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. மேசையில் கிடந்த தாளை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் வைத்திய அதிகாரியிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

வேறு என்ன செய்திருக்க முடியும்? பயத்தில் திருத்தப்படும் பதிலை ஏற்றுக்கொண்டு ஒரு தாயை அந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பவா? ஏழாவது கேள்வியைப் பார்த்த பிறகுமா? பிள்ளை பெற்று மூன்றாம் நான்காம் நாளில் வந்து இரண்டு கிழமைக்குள் போய்விடும் அழுகையும் சலிப்பும் வேறு. இது அது இல்லை. மனச்சோர்வு வந்தவர்கள் தங்களால் மற்றவர்களுக்குப் பாரம் என்று நம்பிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கையே நோயின் பகுதி. அதைச் சும்மா வந்த எண்ணம் என்று விட்டுவிட முடியாது. அவர் வாயால் சொன்னது என் காதில் விழுந்துவிட்டது. தாளில் என்ன மாற்றினாலும் அதை நான் கேட்காததாக ஆக்க முடியாது.

இப்படிச் சொல்லி முடித்தால் மனம் ஆறும். அப்புறம் அவர் கேள்வி வரும். அந்தத் தாளின் பெறுமதியே அது அவருடைய சொல் என்பதில்தான் இருக்கிறது. மாமி சொல்வதை, கணவர் போனில் சொல்வதை எல்லாம் விட்டுவிட்டு அவரையே கேட்கிறோம். கேட்டு வாங்கிய மறுநொடி, இனி அது உங்களுடையது இல்லை என்கிறோம். ‘தாளை மாற்றுங்கள், ஆனால் நீங்கள் சொன்னதை நான் டொக்டரிடம் சொல்லத்தான் வேணும், என்னோடு வாருங்கள்’ என்று சொல்லியிருக்கலாமோ? முடிவு அதேதான். அவர் கையில் பேனை இருந்திருக்கும். ஆனால் அப்படி மாற்றிய தாளோடு அவர் எழும்பிப் போய்விட்டால்? அந்த இடத்தில் நின்றுவிடுகிறேன். நான் தாளைப் பிடித்துக்கொண்டது அவருக்காகத்தான். பிறகு ஏதும் நடந்தால் என்னைக் கேட்பார்களே என்பதும் அதில் கலந்திருந்ததா என்று யாராவது கேட்டால், இல்லை என்று சட்டென்று சொல்ல வரவில்லை.

சிகிச்சை நடந்தது. மருந்து, கிளினிக், இடையில் நான் போகாமல் இன்னொரு மருத்துவமாது வீட்டுக்குப் போய்ப் பார்த்தது. நாலாம் மாத ஊசிக்கு வந்தபோது பிள்ளை கொழுகொழுவென்று சிரித்துக்கொண்டிருந்தான். தாயின் முகத்திலும் தெளிவு இருந்தது. அவர் மற்ற மருத்துவமாதோடு கதைத்தார், என் மேசைப் பக்கம் வரவில்லை. மாமிதான் வந்தார். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, “நீங்கள் எழுதிக் குடுத்ததாலதான் மிஸ் எங்கட பிள்ளை தப்பினது. இப்ப இரவில பேரனை நான்தான் ஏணையில போட்டு ஆட்டுறன்” என்றார். மனதார வந்த நன்றி. அந்த அம்மா மாறியிருந்தார், அது சின்ன விஷயமில்லை. இரவில் நான்கு மணித்தியாலம் தொடர்ந்து நித்திரை கிடைப்பது ஒரு தாய்க்குப் பாதி மருந்து. ஆனால் அந்தத் தங்கச்சி எதற்குப் பயந்தாரோ அதுதான் அங்கே உரத்த குரலில் நடந்துகொண்டிருந்தது. அவர் தலையை நிமிர்த்தவில்லை. நன்றியை வாங்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல், பிள்ளையின் பதிவேட்டை வாங்கிப் புரட்டினேன்.

இப்போது தாளைக் கொடுக்குமுன்பே சொல்லிவிடுகிறேன்: இதை நானும் டொக்டரும் பார்ப்போம், பத்தாவதுக்கு என்ன போட்டால் என்ன நடக்கும், யாருக்குச் சொல்லுவோம், யாருக்குச் சொல்ல மாட்டோம் என்று. இரவில் தனியாகத் தாங்க முடியாமல் வந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்குத் தமிழிலும் கதைக்கலாம் என்று பதிவேட்டின் ஓரத்தில் எழுதியும் கொடுக்கிறேன். இது நேர்மையான வழி என்று நம்புகிறேன். ஆனால் அப்படிச் சொல்லத் தொடங்கிய பிறகு பத்தாவதுக்கு ‘ஒருபோதும் இல்லை’ தான் கூட வருவதுபோல எனக்குப் படுகிறது. அந்தத் தங்கச்சிக்கும் முன்கூட்டியே சொல்லியிருந்தால் அவரும் அதைத்தான் போட்டிருப்பார். அப்போது இன்று அவர் எங்கே இருந்திருப்பார்?

புதிதாக வேலைக்கு வந்த பிள்ளை ஒருத்தி இதைக் கேட்டாள். “அப்ப முன்னுக்கே சொல்லுறதா, வேண்டாமா அக்கா?” சொல்ல வேண்டும் என்றேன். “சொன்ன பிறகு எல்லாரும் இல்லை எண்டு போட்டா?” அப்படியென்றால் தாளை ஒரு பக்கம் வை, பக்கத்தில் இருப்பவர்களை அனுப்பிவிட்டு வாயால் கேள், பிள்ளை உறங்கினாப் பிறகு உங்களுக்கு நித்திரை வருதா என்று தொடங்கு, அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போதும் கேள் என்று சொல்லிக் கொடுத்தேன். அவள் கொப்பியில் எழுதிக்கொண்டாள். அதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை.