நெட் தமிழ்: விருதுப் பட்டியலைத் தூக்கிப் போடுங்கள்

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வைத் தமிழ்ப் பாடத்தில் எழுதியிருந்தேன், முடிவு வந்துவிட்டது. உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்தது, ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை நூலிழையில் போயிற்று. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

இக்கால இலக்கியத்துக்குப் பெயர், ஊர், விருது, ஆண்டு என்று கட்டம் போட்ட தாள் ஒன்றைப் பயிற்சி மையத்தில் கொடுத்தார்கள். அதை ஒப்பிப்பவர் கால வரிசைக் கேள்வியில் கட்டாயம் திணறுவார். விருது எப்போதோ வரும். எந்த இதழில் எழுதினார், யாரைப் படித்து வளர்ந்தார் என்று பாருங்கள். என் மதிப்பெண்ணில் பெரும்பங்கு இதனால் வந்ததுதான்.

எங்கள் கடலூர்க்காரர் ஜெயகாந்தனையே எடுத்துக்கொள்வோம். 1934இல் பிறந்தவர். பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. விழுப்புரத்தில் மாமா வீட்டில் பாரதியும் பொதுவுடைமையும் அறிமுகமாயின. பிறகு சென்னையில் கட்சி அலுவலகத்திலேயே வாசம். பொதுவுடைமைத் தலைவர் ஜீவா போன்றவர்களின் பேச்சைக் கேட்டு வளர்ந்தார். இது மனத்தில் நின்றால், ஐம்பதுகளின் 'சரஸ்வதி'யில் அவர் விளிம்புநிலை மக்களை எழுதியதும், அறுபதுகளில் 'ஆனந்த விகடன்' வழியே நடுத்தரக் குடும்பங்களுக்குள் நுழைந்ததும் தாமாக வரிசைக்கு வந்துவிடும். 'அக்கினிப் பிரவேசம்' விகடனில் வந்தது 1966இல். அது கிளப்பிய சர்ச்சையிலிருந்து கிளைத்த நாவல் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972 சாகித்திய அகாதெமி விருது அதற்குத்தான். தனித்தனியே உருப்போட இதில் என்ன இருக்கிறது?

புதுமைப்பித்தன் என்றதும் கை திருநெல்வேலிக்குப் போகும். பிறந்தது 1906இல், இதே கடலூரின் திருப்பாதிரிப்புலியூரில். தந்தை தாசில்தார், அதனால் ஊர் ஊராக மாற்றல்; 1918இல்தான் குடும்பம் நெல்லைக்குத் திரும்பியது. அவர் எழுதிய 'மணிக்கொடி' இதழின் பெயரைப் பார்த்தால் முப்பதுகள் என்று எழுதிவிடுங்கள்.

எனக்குக் குறிப்பேடு எழுதும் பொறுமை கிடையாது. புதுச்சேரி பஸ்ஸில் வாய்க்குள் முணுமுணுத்தவை:

- பாரதி: புதுவைக்கு 1908. வெளியேறியது 1918 நவம்பர். உடனே கைது, கடலூர்ச் சிறை.
- பாரதிதாசன்: புதுவை, 1891. கனகசுப்புரத்தினம் என்ற பெயரையே பாரதிபக்தி மாற்றியது.
- பிரபஞ்சன்: புதுவை, 1945. பிரெஞ்சுக் காலப் புதுவையைச் சொல்லும் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் ஊறியவர். 'வானம் வசப்படும்', அகாதெமி 1995.

ஜெயகாந்தன், புதுமைப்பித்தன், பிரபஞ்சன், பாரதிதாசன் நால்வரும் ஏப்ரல் கடைசி வாரத்துக்காரர்கள். தேர்வில் கேட்கமாட்டார்கள், எனக்குப் பிடித்திருந்தது.

எல்லாப் பாடத்தாருக்கும் பொதுவான முதல் தாளுக்கு வேறு யாரையாவது கேளுங்கள். அந்தத் தரவு விளக்கக் கணக்குகள் எனக்கு இன்னமும் விளங்கவில்லை, ஜே.ஆர்.எஃப். போனதும் அங்கேதான்.