மாசம் எவ்வளவு வரும் பிள்ளை?

சென்னை சோழிங்கநல்லூரில் மென்பொருள் வேலை பார்த்துக்கொண்டிருந்த நான், கல்யாணமாகித் திருகோணமலைக்கு வந்துவிட்டேன். கணவரின் வீடு உவர்மலையில். வேலையை விடவில்லை, அதே நிறுவனத்துக்கு இங்கிருந்தே செய்கிறேன். இரண்டு நாட்டுக்கும் கடிகாரம் ஒன்றுதான் என்பதால் கூட்டங்களில் சிரமமில்லை. மீன் குழம்பும் சொதியும் சீக்கிரமே பழகிவிட்டன. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு போன் பேசவும் பழகிவிட்டது. பழக நாள் பிடித்தது சம்பளப் பேச்சுதான்.

சென்னையில் யாரைக் கேட்டாலும் வருஷக் கணக்குதான். "எட்டு எல்.பி.ஏ.", "பன்னிரண்டு எல்.பி.ஏ." என்பார்கள், அதாவது வருஷத்துக்கு இத்தனை லட்சம். நிறுவனம் கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, வருமா வராதா என்று தெரியாத ஊக்கத்தொகை எல்லாம் அதற்குள் அடக்கம். இங்கே மாமி முதல் வாரமே கேட்டார்: "மாசம் கைக்கு எவ்வளவு வரும் பிள்ளை?" டொரொன்டோவில் இருக்கும் பெரிய மச்சாள் சொல்வதும் வருஷக் கணக்குதான், ஆனால் வரி பிடிப்பதற்கு முந்தைய தொகை. ஒரே வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று விதமான எண்கள். கேட்கிறவர்கள் மூன்றையும் ஒன்றாகவே வைத்து ஒப்பிடுகிறார்கள்.

கணவரின் தம்பி கொழும்பில் மென்பொருள் பொறியாளர். ஒருநாள் அவருடைய சம்பளச் சிட்டையை என் முன்னால் விரித்து வைத்து, "அண்ணி, இதைச் சென்னைக் கணக்கில சொல்லுங்கோ" என்றார். மாதம் 2,00,000 இலங்கை ரூபாய். இங்கத்தைய பி.எஃப். ஆன ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், அதாவது 16,000 பிடித்தம். 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 1,50,000 வரை வருமான வரி கிடையாது. மிச்சமுள்ள 50,000க்கு 6 சதவீதம் என்றால் 3,000. கைக்கு வருவது 1,81,000. நிறுவனம் தன் பங்காகச் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதி என்ற இன்னொரு சேமிப்பு நிதிக்கு 3 சதவீதமும் கட்டுகிறது. அந்த 30,000 அவருடைய இரண்டு லட்சத்துக்கு வெளியே இருக்கிறது. சென்னையில் என்றால் அதையும் உள்ளே சேர்த்து, பன்னிரண்டால் பெருக்கி, 27.6 லட்சம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். மாமிக்கு அது 1,81,000. அந்த 27.6 லட்சத்தை இந்திய ரூபாயாக மாற்றினால், ஓர் இந்திய ரூபாய்க்கு மூன்றரை இலங்கை ரூபாய் என்று வைத்தால், வருஷத்துக்கு எட்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. எல்லாம் ஒரே மனிதரின் ஒரே வேலைக்கான சம்பளம்தான். இதைப் பார்த்த பிறகு, யாராவது சம்பளம் சொன்னால் மாதமா வருஷமா, பிடித்தத்துக்கு முன்பா பின்பா, எந்தப் பணம் என்று கேட்காமல் நான் எதையும் ஒப்பிடுவதில்லை.

எந்தப் பணம் என்ற கேள்விக்கு இங்கே தனிக் கனம் உண்டு. 2022 தொடக்கத்தில் ஒரு டாலர் ஏறக்குறைய 200 ரூபாய். மே மாதத்தில் அது 360ஐத் தொட்டது. வெளிநாட்டு வாடிக்கையாளர்களை வைத்திருந்த மென்பொருள் நிறுவனங்கள் பல, சம்பளத்தை முழுதாகவோ பாதியாகவோ டாலர் மதிப்போடு பிணைத்தன. உள்ளூர் வங்கியிலோ கடைத்தொகுதியிலோ அதே கணினி வேலையைச் செய்தவர்களுக்கு ரூபாய்ச் சம்பளம் அப்படியே நின்றது. அந்த செப்டம்பரில் கொழும்பில் உணவுப் பொருள்களின் பணவீக்கம் 94.9 சதவீதம். ஒரே வகுப்பில் படித்த இரண்டு பேர், ஒரே அளவு திறமை, ஆனால் ஒருவர் வீட்டில் சமையலறை சுருங்கியது, மற்றவர் வீட்டில் சுருங்கவில்லை. கொழுந்தனார் இதைச் சொல்லும்போது இன்றும் குரல் மாறிவிடுகிறது. இளைஞர்கள் துறையைத் தேர்ந்தெடுக்கும்போது தொழில்நுட்பத்தை மட்டும் பார்த்தால் போதாது, நிறுவனத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்றும் பார்க்க வேண்டும் என்று நான் நினைப்பது அதனால்தான். அரச வேலையே நல்லது என்று இங்குள்ள பெற்றோர் சொல்வதையும் நான் குறைவாக எண்ணவில்லை. யுத்தத்தையும் சுனாமியையும் கண்ட ஊர். ஓய்வூதியம் என்பது அவர்களுக்குச் சாதாரண வார்த்தை இல்லை.

அப்புறம், எனக்கு மனம் பொறுக்காத ஒன்று. திருமலை, அதாவது திருகோணமலைப் பிள்ளைகள் சம்பளத்தை மிகவும் குறைத்துக் கேட்கிறார்கள். கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் கணினி படித்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொழும்பு நிறுவனம் ஒன்றிலிருந்து, வீட்டிலிருந்தே செய்யும் வேலைக்கு அழைப்பு வந்தது. எவ்வளவு கேட்கப் போகிறாய் என்றேன். "அறுபதாயிரம் காணும்தானே அக்கா, நான் வீட்டிலதானே இருக்கிறன்" என்றாள். கூடப் படித்த தோழி கொழும்பில் இருந்துகொண்டு அதே மாதிரி வேலைக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் வாங்குகிறாள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

வீட்டில் இருப்பதால் மிச்சமாகும் அறை வாடகை அவளுடைய மிச்சம். அதை ஏன் நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டும்? மடிக்கணினி திருமலையில் மலிவு இல்லை. மின்சாரம் போனால் சமாளிக்க யு.பி.எஸ். அவள்தான் வாங்க வேண்டும். கொழும்புக்கு வரச் சொன்னால் இரவு ரயில், தங்குமிடம், சாப்பாடு. சுற்றுலாப் பருவத்தில் இங்குள்ள உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் வாடகை கேட்டுப் பார்த்தால், சின்ன ஊரில் செலவு குறைவு என்ற நம்பிக்கையும் ஆட்டம் கண்டுவிடும்.

இருக்கும் ஊரை வைத்துச் சம்பளம் தீர்மானிப்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம்தான், மறுக்கவில்லை. கிட்லாப் என்ற மென்பொருள் நிறுவனம் ஊருக்கு ஒரு விகிதம் வைத்துக் கணக்கிடுவதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. 37 சிக்னல்ஸ் என்ற இன்னொரு மென்பொருள் நிறுவனம் அதற்கு நேர்மாறாக, எங்கே இருந்தாலும் சான் பிரான்சிஸ்கோ அளவில் தருவதாகச் சொல்கிறது. இரண்டுமே நிறுவனம் தன் நியாயத்தை முன்வைத்துப் போட்ட கணக்கு. வேலைக்குப் போகிறவர் தானாகவே முன்வந்து தன்னைக் குறைத்துக்கொள்வது வேறு.

அன்று மாலை இருவரும் உட்கார்ந்து, அவள் கேட்க வேண்டியவற்றை எழுதினோம். சேமலாப நிதி முழுச் சம்பளத்துக்கும் கட்டுவார்களா, அல்லது அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாக்கி மிச்சத்தைப் படிகளாகப் பிரித்துவிடுவார்களா? சம்பளத்தில் டாலரோடு பிணைத்த பகுதி ஏதும் உண்டா? கொழும்புக்கு அழைத்தால் பயணச் செலவு யாருடையது? தொகையாக ஒரு லட்சத்துப் பத்தாயிரம் எழுதினாள். "கூடிப்போச்சோ அக்கா?" என்று இரண்டு தடவை கேட்டாள். இல்லை என்றேன்.

பயணச் செலவு தங்களுடையது என்று பதில் வந்திருக்கிறது. மற்றதைப் பற்றி வரும் திங்கட்கிழமை பேசுகிறார்கள்.