தென் மலாவியில் ஒரு பிரசவ வார்டு: நாட்குறிப்பு

ஜூலை 8, 2024, திங்கள்

காலையிலிருந்தே சிப்பெரோனி. குளிர்காலத்தில் மொசாம்பிக் பக்கமிருந்து இந்த மேட்டுநிலத்துக்கு ஏறிவரும் மூடுபனித் தூறலுக்கு அதுதான் பெயர். பிரசவ அறையில் ஹீட்டர் கிடையாது. குழந்தை வெளியே வந்ததும் துடைத்து, ஈரத்துணியை எடுத்துவிட்டு, தாயின் மார்பில் தோலோடு தோலாகப் போட்டு, மேலே காய்ந்த சிட்டெஞ்சேயைப் போர்த்துகிறார்கள். பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் துணி அது. அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம்தான். ஆனால் துணி, பிளாஸ்டிக் விரிப்பு, பிளேடு எல்லாம் கர்ப்பிணிகளே கொண்டுவர வேண்டியிருக்கிறது.

வலியோடு பத்துப் பெண்கள். இரண்டு சிஸ்டர்கள்.

ஜூலை 10, புதன்

பிரசவம் எப்படி முன்னேறுகிறது என்று நேரத்துக்கு நேரம் குறிக்கும் வரைபடமான பார்ட்டோகிராஃப் படிவங்களில் பாதி நிரப்பப்படாமல் கிடக்கின்றன. வெளியிலிருந்து வருகிறவர்கள் இதை அலட்சியம் என்று எழுதிவிட்டுப் போவது அநியாயம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு பெண்ணுக்கும் அரை மணிக்கு ஒரு தடவை, பத்து நிமிடம் வயிற்றில் கைவைத்து வலிகளை எண்ண வேண்டும். பினார்டு குழலில் காதை வைத்து ஒரு முழு நிமிடம் சிசுவின் இதயத்துடிப்பைக் கேட்க வேண்டும். பத்துப் பேருக்கு 110 நிமிடம். இரண்டு சிஸ்டர்களுக்கும் சேர்த்து அந்த அரை மணியில் இருப்பது 60 நிமிடம். பிரசவம் பார்ப்பது, தையல் போடுவது, சிசேரியனுக்குத் தயார் செய்வது எல்லாம் அதற்குள்ளேதான்.

படிவத்தில் குறையில்லை. எச்சரிக்கைக் கோடும் செயல் கோடும் போட்ட இந்த வரைபடத்தை ஃபில்பாட்டும் காசிலும் 1972-ல் வெளியிட்டது பக்கத்திலேயே, அன்றைய ரொடீசியாவில், அதாவது இன்றைய ஜிம்பாப்வேயில். தொலைவிலுள்ள கிளினிக்கில் இருக்கும் மருத்துவச்சி, தடைபட்ட பிரசவத்தை நேரத்தோடு கண்டுகொண்டு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பட்டும் என்பதற்காகச் செய்தது. அதில் புள்ளி வைக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ஜூலை 13, சனி, இரவு ஷிஃப்ட்

இரவில் ஒரே ஒரு சிஸ்டர். நள்ளிரவு தாண்டி ஒரே சமயத்தில் இரண்டு பிரசவம். முதல் தாய்க்கு நஞ்சுக்கொடி முழுசாக விழுந்த பிறகும் ரத்தம் நிற்கவில்லை. சிஸ்டர் கருப்பையை இறுக்கும் ஆக்ஸிடோசின் டிரிப்பை ஓடவிட்டார், ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் ஒரு கிராம் கொடுத்தார், என் கையைப் பிடித்து அந்த அம்மாவின் தொப்புளுக்குக் கீழே வைத்தார். "கருப்பை கல்லு மாதிரி இறுகணும். நான் சொல்ற வரைக்கும் கையை எடுக்காதே." அடுத்த கட்டிலில் தலை வெளியே வந்துகொண்டிருந்தது. அங்கே போனார்.

தேய்த்துக்கொண்டே இருந்தேன். இறுகும், மறுபடி தளரும். எவ்வளவு ரத்தம் போனது என்று எப்படிச் சொல்வது? துணி குடித்த ரத்தத்துக்குக் கணக்கில்லை. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவில் நடந்து 2023-ல் வெளிவந்த இ-மோட்டிவ் ஆய்வு நினைவுக்கு வந்தது. அளவுக்கோடு போட்ட விரிப்பில் ரத்தத்தை அளந்து, மசாஜ், மருந்து, டிரிப் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்காமல் சேர்த்தே தொடங்கியதில் மோசமான விளைவுகள் 60 சதவீதம் குறைந்தன. விரிப்பு இல்லாத வார்டிலும் சிஸ்டர் செய்தது அதைத்தான்.

கருப்பை இறுகியது. பிழைத்துக்கொண்டார்கள்: இரண்டு தாய்கள், இரண்டு குழந்தைகள். வெளியே காத்திருந்த பாட்டி என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார். அந்தத் தொடுதல் சிஸ்டருக்குப் போய்ச் சேர வேண்டியது.

ஜூலை 16, செவ்வாய்

வலிப்போடு கொண்டுவரப்பட்ட பெண், முதல் பிரசவம். வலிப்பை அடக்கும் மெக்னீசியம் சல்ஃபேட், நாலு மணி நேரத்துக்கு ஒரு ஊசி. ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் முழங்கால் அனிச்சை (தட்டினால் கால் தானாக உதறுவது) இருக்கிறதா, நிமிடத்துக்கு 16 மூச்சாவது விடுகிறாரா, மணிக்கு 30 மில்லியாவது சிறுநீர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அளவு மிஞ்சினால் மூச்சே நின்றுவிடும். அதற்கு மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட்டைக் கட்டிலருகிலேயே வைத்தோம். என் படிப்பின் எல்லைக்குள் அடங்கிய வேலை இது என்பதால் சிஸ்டர் என்னிடம் கொடுத்தார். எல்லை தாண்டியதை ஒருபோதும் கொடுக்கமாட்டார். அந்தக் கண்டிப்புக்காகவே அவரை மதிக்கிறேன்.

டீ நேரத்தில் சம்பளம் பற்றிப் பேச்சு வந்தது. மலாவியில் 2004-ல் தொடங்கிய, சுகாதாரப் பணியாளர்களுக்கான அவசர மனிதவளத் திட்டத்தில் நர்சுகள் உள்ளிட்டோருக்கு 52 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தார்கள். இப்போதோ பயிற்சி முடித்த மிட்வைஃப்கள் வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறார்கள், வார்டில் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன, நியமிக்கப் பணமில்லை. அந்தக் கோபத்தைச் சொல்லி முடிப்பதற்குள் உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். டீ பாதியில் நின்றது. எனக்கு அடுத்த ஊசிக்கான முழங்கால் சோதனை நேரம்.