செம்மண் மைதானத்தில் ஒரு வெற்றி

கடந்த ஞாயிற்றுக்கிழமை, நான் பயிற்சி தரும் பதினேழு வயதுக்குட்பட்டோர் கால்பந்து அணி, சொந்த மைதானத்தில் 2–1 என்ற கணக்கில் வென்றது. புள்ளிப் பட்டியலில் எங்களுக்கு மேலே இருந்த அணியை வென்றதில் பையன்களுக்கும் பெற்றோருக்கும் ஏற்பட்ட மகிழ்ச்சி முற்றிலும் நியாயமானது; அதைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. ஆனால் அந்த வெற்றியில் எங்கள் ஆட்டத்தின் பங்கு எவ்வளவு, எங்கள் மைதானத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் அடுத்த வாரப் பயிற்சிக்கு என்னால் திட்டம் போட முடியவில்லை. அந்தக் கணக்கையே இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

கோவையின் புறநகரில் இருக்கும் எங்கள் மைதானம் செம்மண் தரை. மழை பெய்து ஓய்ந்த பிறகு சில நாள் நன்றாக இருக்கும். வெயில் ஏறியதும் இறுகிப்போகும், பூட்ஸ் தடங்கள் அப்படியே காய்ந்து மேடும் பள்ளமுமாக நிற்கும். உருண்டு வரும் பந்து காலுக்கு அருகில் வந்ததும் எந்தப் பக்கம் எழும்பும் என்று அதில் ஆண்டுக்கணக்கில் ஆடியவனுக்குத்தான் ஓரளவு தெரியும். ஞாயிறன்று வந்த அணி செயற்கைப் புல்லில் பயிற்சி பெறும் அணி. முதல் இருபது நிமிடங்களில் அவர்களுடைய நடுக்கள ஆட்டக்காரர்களின் காலில் பந்து தங்கவே இல்லை. அவர்கள் திறமை குறைந்தவர்கள் அல்லர். தரை அவர்களுக்குப் புதியது, அவ்வளவுதான். எங்கள் முதல் கோல் அப்படியே வந்தது. எங்கள் சென்டர் பேக் (நடுத் தற்காப்பு வீரன்) அவசரத்தில் தூக்கி அடித்த பந்து அவர்களுடைய கடைசித் தற்காப்பு வீரனுக்கு முன்னால் விழுந்து, அவன் எதிர்பார்த்ததைவிட ஒரு முழம் உயரமாக எழும்பி அவன் தலையைத் தாண்டிப் போயிற்று. எங்கள் முன்கள வீரன் ஓடிப்போய்த் தட்டிவிட்டான். ஓடிப்போய் அங்கே நின்றது அவன் சாமர்த்தியம். மற்றது மண்ணின் கொடை.

இப்படி வரும் கோல்களை நான் அணியின் வளர்ச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. காரணம் எளிது. தூக்கி அடித்தால் கோல் கிடைக்கும் என்று ஒரு பதினாறு வயதுப் பையன் சொந்த மைதானத்தில் கற்றுக்கொண்டானானால், நல்ல புல்தரையில் ஆடும்போது அவனிடம் வேறு எந்த வழியும் இருக்காது. நம் ஊர்ப் பக்கம் பல பள்ளி அணிகள் மாவட்ட அளவில் எல்லோரையும் வென்றுவிட்டு மாநில அளவில் முதல் ஆட்டத்திலேயே வெளியேறுவதற்கு இதுவும் ஒரு முக்கியமான காரணம் என்பது என் கருத்து. அவர்களுடைய உடல்வலிமையிலும் துணிச்சலிலும் எந்தக் குறையும் இல்லை. தரை தந்த சலுகையைத் தங்கள் திறமை என்று நம்பிவிட்டார்கள்.

அதனால்தான் எங்கள் கோல்கீப்பரிடம் கோல் கிக்கை (எதிரணி அடித்த பந்து நம் கோல் எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே போனதும் நாம் எடுக்கும் உதையை) முடிந்தவரை குறுகிய பாஸாகத் தொடங்கும்படி இந்தப் பருவம் முழுவதும் சொல்லி வருகிறேன். 2019ஆம் ஆண்டு விதி மாறியதிலிருந்து, கோல் கிக்கில் பந்து கோலுக்கு முன்னுள்ள பெனால்டி பகுதிக்கு வெளியே போக வேண்டிய கட்டாயம் இல்லை. உள்ளேயே நிற்கும் சக வீரனுக்குக் கொடுத்து ஆட்டத்தைக் கட்டலாம். செம்மண் தரையில் இது ஆபத்தான வேலை என்பதும் எனக்குத் தெரிந்ததுதான். ஞாயிறன்று நாங்கள் வாங்கிய கோல் அந்த ஆபத்தின் விலை: கீப்பர் கொடுத்த பாஸ் ஒரு பள்ளத்தில் பட்டுத் திசைமாறியது, எதிரணி வீரன் பறித்துக்கொண்டான், 1–1. கயிற்றுக்கு அப்பால் நின்ற பெற்றோர் கூட்டத்திலிருந்து, “தூக்கி அடிடா!” என்ற குரல் பல பக்கமிருந்தும் எழுந்தது. கீப்பர் என்னைத் திரும்பிப் பார்த்தான். அடுத்த கோல் கிக்கையும் அதேபோல எடுக்கும்படி கையைக் காட்டினேன், எடுத்தான். கூச்சல் கொஞ்சம் கூடியது. அன்று நான் பார்த்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது வெற்றி கோலைவிட அந்த இரண்டாவது பாஸ்தான்.

வெற்றி கோல் இரண்டாம் பாதியில் கார்னரிலிருந்து தலையால் அடித்தது. பயிற்சியில் பலமுறை செய்த அமைப்பு என்பதால் அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது கடைசி இருபது நிமிடங்களைப் பற்றி. 2–1 என்று முன்னிலையில் இருக்கும்போது நான் செய்த மாற்றங்கள் பலருக்குப் புரியவில்லை; துணைப் பயிற்சியாளரே என் காதருகில் வந்து, “இப்பவா சார்?” என்று கேட்டார். நடுக்களத்தில் நன்றாக ஆடிக்கொண்டிருந்த வலுவான பையனை வெளியே எடுத்து, அணியிலேயே உருவத்தில் சிறியவனான ஒருவனை இறக்கினேன். இடது தற்காப்பில், இதுவரை விங்கராகவே (மைதானத்தின் ஓரமாக முன்னேறித் தாக்குபவனாகவே) ஆடிவந்த ஒருவனை நிறுத்தினேன். நாலு கோல் முன்னிலையில் இருக்கும்போது இறக்கியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு என் பதில், நாலு கோல் முன்னிலையில் மாற்று ஆட்டக்காரன் எதையும் கற்றுக்கொள்வதில்லை என்பதுதான். அப்போது எதிரணி தளர்ந்திருக்கும், நம் அணி அலட்சியமாக இருக்கும், அவன் செய்யும் தவறுக்கு விலை இருக்காது. ஆட்டம் எந்தப் பக்கமும் சாயலாம் என்ற நிலையில் பத்து நிமிடம் ஆடியவன், முடிந்துபோன ஆட்டங்களில் மணிக்கணக்கில் ஆடியவனைவிட முன்னே போய்விடுகிறான்.

அந்தச் சிறிய பையன் டிசம்பரில் பிறந்தவன். வயதுப் பிரிவுகள் ஜனவரி முதல் தேதியை வைத்துப் பிரிக்கப்படுவதால், ஒரே பிரிவில் ஆடும் இருவருக்குள் ஏறத்தாழ ஓர் ஆண்டு வித்தியாசம் இருக்கக்கூடும். வளரும் பருவத்தில் ஓர் ஆண்டு என்பது உயரத்திலும் தசையிலும் வேகத்திலும் பெரிய வித்தியாசம். கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை ஆராய்ந்தவர்கள் 1980களிலேயே இதைக் கவனித்தார்கள்: மேல்மட்ட அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் இருந்தார்கள். பிறகு கால்பந்திலும் பல நாடுகளில் இதே போக்கு தென்பட்டது. தேர்வு நாளில் பெரியவனாகத் தெரிபவனை எடுக்கிறோம், அவனுக்கே அதிக ஆட்டம் தருகிறோம், அதனால் அவன் மேலும் தேறுகிறான். டிசம்பர் பையன் பெஞ்சில் இருந்தபடியே பதினெட்டு வயதாகி, விளையாட்டை விட்டுவிட்டுப் போகிறான். ஞாயிறன்று அந்தப் பையன் இரண்டு முறை உடல் மோதலில் பந்தை இழந்தான். மூன்றாவது முறை, பந்து வருவதற்கு முன்பே தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்து, ஒரே தொடுதலில் விங்குக்குத் தள்ளிவிட்டு மோதலைத் தவிர்த்தான். உருவத்தில் பெரியவர்கள் அதைக் கற்றுக்கொள்ள வேண்டிய அவசியமே பெரும்பாலும் வருவதில்லை.

எங்கள் ஊரில் சொந்த மைதான வெற்றி என்று பேச்செடுத்தால் 2019 மார்ச் 9ஆம் தேதியைத் தொடாமல் போக முடியாது. இந்தியக் கழகங்கள் மோதும் தேசிய அளவிலான கால்பந்துத் தொடரான ஐ-லீக்கின் கடைசி நாள். கோவை நேரு விளையாட்டரங்கில், அதையே சொந்த மைதானமாகக் கொண்ட சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபை வென்றால் பட்டம். வெல்லாமல், கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவை ஈஸ்ட் பெங்கால் வென்றுவிட்டால் பட்டம் கொல்கத்தாவுக்கு. கேலரியில் நானும் இருந்தேன். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வா கோல் அடித்துவிட்டது; இடைவேளை வரை 0–1. இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார், அதன்பின் தற்காப்பு வீரரான கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார், 3–1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் வென்றிருந்தது. 43 புள்ளிக்கு எதிராக 42 புள்ளி. ஒரே ஒரு புள்ளியில் தமிழ்நாட்டுக்கு முதல் ஐ-லீக் பட்டம் வந்தது.

அந்தப் பட்டத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் மான்சியின் 21 கோல்களையும் அணியின் ஸ்பானிய வீரர் நெஸ்டர் கோர்டியோவையும் சொல்வார்கள், சொல்ல வேண்டியதுதான். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. அதற்கு முந்தைய பருவத்தில் பத்து அணிகளில் எட்டாவதாக முடித்த அணி அது. அப்போது அணியின் முக்கிய ஆட்டக்காரராக இருந்த மைக்கேல் சூசைராஜ் ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போய்விட்டார். சிங்கப்பூரிலிருந்து வந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸ், ஸ்பானிய ஆட்டக்காரர்களைச் சுற்றி, இந்த மாநிலத்துப் பையன்களை வைத்தே அணியைக் கட்டினார். எட்வின் சிட்னி வன்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ யேசுராஜ் போன்றவர்கள் பட்டத்துக்காகப் போராடும் அணியில், தோற்றால் இடம் பறிபோகும் என்ற நிலையில், வாரந்தோறும் ஆடினார்கள். பின்னாளில் இருவரும் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) அணிகளுக்குப் போனதற்கு அந்தப் பருவம்தான் வழி திறந்தது.

அதே லீக்கில் இதற்கு நேர் எதிரான ஒரு முறையும் இருந்தது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு நடத்திய இந்தியன் ஆரோஸ் அணியில் வெளிநாட்டவர் கிடையாது, எல்லோரும் இளைஞர்கள், கடைசி இடத்தில் முடித்தாலும் கீழ்ப்பிரிவுக்கு இறக்கமும் கிடையாது. 2017-18இல் கடைசி இடத்தில்தான் முடித்தார்கள். ஆனால் சுரேஷ் சிங் வாங்ஜமும் அன்வர் அலியும் அந்த அணியில் ஆடியவர்கள். இருவரும் பிற்பாடு இந்திய அணிக்கு ஆடினார்கள். ஆகவே ஆரோஸ் முறையைத் தோல்வி என்று ஒதுக்கிவிட முடியாது. நிமிடங்கள் கிடைத்தால் பையன்கள் வளர்கிறார்கள். எனினும், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் கோவையின் முறையையே எடுப்பேன். அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் நின்று பந்தைக் கேட்டு வாங்குவதும், வெற்றி தோல்விக்கு உண்மையான பொருள் இருப்பதும் ஒரு பத்தொன்பது வயதுக்காரனுக்குச் சொல்லித்தரும் விஷயங்களைப் பயிற்சி மைதானத்தில் நான் எத்தனை கூம்புகளை அடுக்கி வைத்தாலும் சொல்லித்தர முடியாது.

எங்கள் அளவில் பிரச்சினைகள் இன்னும் சாதாரணமானவை. பட்டியலில் போதுமான பெயர்கள் இருக்கின்றன. ஜனவரி பிறந்ததும் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படிக்கும் பையன்கள் ஒவ்வொருவராகக் குறையத் தொடங்குவார்கள். மார்ச்சில் பொதுத்தேர்வு, மாலையில் டியூஷன், ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வு. பெற்றோரைக் குறை சொல்ல மாட்டேன். கால்பந்தால் சோறு கிடைக்கும் என்று அவர்களுக்கு உறுதிமொழி தரும் நிலையில் இங்கே எந்தப் பயிற்சியாளரும் இல்லை. அவர்கள் பெரும்பாலும் எதிர்பார்ப்பது கல்லூரிச் சேர்க்கையில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு உதவும் சான்றிதழை. ஒரு தந்தை மிகுந்த மரியாதையுடன், “பையன் எத்தனை நிமிஷம் ஆடுனான்னு சர்டிஃபிகேட்ல போடுவாங்களா சார்?” என்று கேட்டார். போட மாட்டார்கள் என்றதும் நிம்மதியாகச் சிரித்தார். அவருடைய மகன் பெஞ்சில் இருப்பவன். நிமிடங்களைப் பற்றிய கவலை எனக்கு மட்டும்தான் போலும்.

பன்னிரண்டு பேர் மட்டும் நன்றாக ஆடும் அணி ஜனவரியில் ஒன்பது பேர் அணியாகிவிடும் என்பதை அறிந்தே, ஆகஸ்ட் முதல் எல்லோரையும் இரண்டு இடங்களில் ஆடப் பழக்குகிறேன். ஞாயிறன்று விங்கரை இடது தற்காப்பில் நிறுத்தியதன் காரணமும் இதுவே: வழக்கமான இடது தற்காப்பு வீரன் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன். மாற்றப்பட்டவன் எதிரணி விங்கரை ஒருமுறை தவறவிட்டான், பிறகு உட்பக்கமாக நின்று வெளிப்பக்கம் ஓடவிடக் கற்றுக்கொண்டான். நான் வெளியிலிருந்து எதுவும் கத்திச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற சென்டர் பேக் சொல்லிக்கொடுத்தான்.

சென்னை சிட்டியின் பிற்காலத்தையும் சொல்லியாக வேண்டும். பட்டம் வென்றவர்கள் பிரிந்து போனார்கள். 2019இல் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் கழகம் 26 சதவீதப் பங்கை வாங்கியபோது இங்கே பெரிய எதிர்பார்ப்பு எழுந்தது. 2021-22 ஐ-லீக்கில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. ஆட்டக்காரர்கள் பெரிய கழகங்களுக்குப் போவதில் எனக்கு வருத்தமில்லை, அதற்குத்தான் வளர்க்கிறோம். போனவர்களின் இடத்துக்குக் கீழே இன்னொரு வரிசை தயாராக இருந்ததா என்பதே என் கேள்வி. எங்கள் அணியிலும் இரண்டு பேரைப் பெரிய அகாதமிகள் கேட்டிருக்கின்றன. பருவம் முடிந்ததும் போவார்கள். பதினைந்து வயதுப் பிரிவிலிருந்து மூவரை இப்போதே எங்களோடு பயிற்சிக்கு அழைத்திருப்பது அதனால்தான்.

அடுத்த ஆட்டம் வெளியூரில், செயற்கைப் புல்தரையில். ஞாயிறன்று மண் எங்களுக்குச் செய்த உதவி அங்கே கிடைக்காது. கோல்கீப்பர் குறுகிய பாஸையே தொடர்வான். பள்ளமில்லாத தரையில் அது எவ்வளவு தேறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். டிசம்பர் பையன் இந்த முறை முதல் நிமிடத்திலிருந்தே ஆடுவான். முன்கள வீரனிடம், பின்னாலிருந்து தூக்கி அடிக்கும் பந்துக்காகக் காத்திருக்காமல் நடுக்களத்துக்கு இறங்கி வந்து பந்தை வாங்கச் சொல்லியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமைப் பயிற்சிக்குப் பக்கத்துக் கல்லூரியின் புல்தரையை ஒன்றரை மணி நேரம் கேட்டிருக்கிறோம். கிடைத்துவிடும் என்றுதான் சொல்கிறார்கள்.