கிட்டப்பார்வைக்காரியின் கலாபகோஸ் குறிப்புகள்

அக்டோபர் 12, 2024, சனி. பால்ட்ரா

எக்வடாரின் குவயாகில் விமான நிலையத்திலேயே பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டார்கள். விதை, பழம், மண் ஒட்டிய செருப்பு எதுவும் தீவுக்குள் போகக் கூடாது. என் பருப்புப்பொடி டப்பாவைத் திறந்து மோந்து பார்த்த அதிகாரி ஒரு தும்மல் தும்மிவிட்டு, மூடித் திருப்பிக் கொடுத்தார். பொடி பாஸ்.

எக்வடார் கரையிலிருந்து ஏறக்குறைய 1000 கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிட்டோம். இறங்கியதும் தேசியப் பூங்காவுக்கு ஆளுக்கு 200 டாலர். "அக்கா, ஆகஸ்டுக்கு முன்னாடி வந்திருந்தா பாதிக் காசுதான்" என்றான் தம்பி. ஜூலையில் தேதி கிடைக்காமல் அக்டோபருக்குத் தள்ளிப் போட்டதே அவன்தான். அதைச் சொல்லவில்லை.

கப்பலில் நாங்கள் 16 பேர். பூங்கா விதிப்படி ஒரு வழிகாட்டிக்கு அதுதான் உச்சவரம்பு. எங்கள் வழிகாட்டி சான் கிறிஸ்டோபல் தீவிலேயே பிறந்து வளர்ந்த பெண். முதல் பாடம்: எந்த விலங்குக்கும் இரண்டு மீட்டருக்குள் போகக் கூடாது.

அப்புறம் முகமூடி விவகாரம். எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் 6. பவர் வைத்த நீச்சல் முகமூடி கப்பலில் இருக்கும் என்று பயண ஏற்பாட்டாளர் மின்னஞ்சலில் எழுதியிருந்தார். இங்கே அப்படி ஒன்றும் இல்லை. கண்ணாடியைக் கழற்றினால் முழங்கை தூரத்துக்கு அப்பால் எனக்கு எல்லாமே நிறம்தான், உருவம் கிடையாது. வந்த முதல் நாளே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 13, ஞாயிறு. ஹெனோவேசா

ராத்திரி நிலநடுக்கோட்டைத் தாண்டினோமாம். நான் அப்போது குளியலறைத் தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். அக்டோபரில் கடல் இப்படித்தான் ஆடும் என்று காலையில் சொல்கிறார்கள்.

ஹெனோவேசா ஒரு குதிரை லாடம். எரிமலையின் வாய் உள்ளே சரிந்து, ஒரு பக்கம் உடைந்து கடல் புகுந்த இடத்துக்கு டார்வின் விரிகுடா என்று பெயர். 1835-இல் டார்வின் ஐந்து வாரம் இந்தத் தீவுக்கூட்டத்தில் இருந்தார், ஆனால் ஹெனோவேசாவில் கால் வைக்கவே இல்லை. பெயர் மட்டும் வந்து சேர்ந்துவிட்டது.

பூபிப் பறவைகள். சிவப்புக்கால் பூபி வாத்துக்கால் விரல்களை வைத்துக்கொண்டு மரக்கிளையில் கூடு கட்டுகிறது. நாஸ்கா பூபி தரையில். நாஸ்கா இரண்டு முட்டை இடும். முதலில் பொரிந்த குஞ்சு இரண்டாவதைக் கூட்டுக்கு வெளியே தள்ளிவிடும், தாய் பக்கத்திலேயே சும்மா உட்கார்ந்திருக்கும். இரண்டாவது முட்டை ஒரு காப்பீடு மாதிரி, முதல் முட்டை கூழாகிப் போனால்தான் அதற்கு வாழ்வு. தம்பி என்னைப் பார்த்தான். "நான் ரெண்டாவதுதானே" என்றான்.

மேலே லாவா வெளியில் ஒரு குட்டைக்காது ஆந்தை. பட்டப்பகல். பாறை வெடிப்புகளில் பெட்ரல் என்ற சின்னக் கடல் பறவைகள் ஆயிரக்கணக்கில் கூடு வைத்திருக்கின்றன. அந்த வெடிப்பு ஒன்றின் வாயில், எலி வளை முன்னால் பூனை உட்காருவதுபோல உட்கார்ந்திருந்தது. இந்தத் தீவில் பருந்து கிடையாது, அதனால் பகல் வேட்டையும் அதற்கே. இருபது நிமிடம் பார்த்தோம். அது எங்களை ஒரே ஒரு தடவை பார்த்தது.

மதியம் மெனெஸ்த்ரா. பெயர்தான் புதிது, விஷயம் சோறும் பருப்பும். பொடியைத் தூவிக்கொண்டேன், வயிறு ஒருவழியாக அடங்கியது.

அக்டோபர் 14, திங்கள். சல்லிவன் விரிகுடா, சான்டியாகோ

நூறு வருடத்துக்குக் கொஞ்சம் மேலான லாவா. அச்சில் முறுக்கு பிழிந்து அப்படியே விட்டதுபோல் சுருள் சுருளாக உறைந்து கிடக்கிறது. மிதித்தால் சில இடங்களில் கண்ணாடிச் சத்தம். நடுநடுவே லாவாக் கள்ளி, அதைத் தவிர பச்சை என்று அதிகம் ஒன்றுமில்லை. அழகுதான், ஆனால் ஒன்றரை மணி நேரம் வெயிலில் கறுப்புத் தரை. நான் பாதியில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்டோபர் 15, செவ்வாய். விசென்டே ரோக்கா முனை, இசபெலா

இந்த முறை விழித்திருந்தேன். கப்பல் இசபெலாவின் வடமுனையைச் சுற்றித் தெற்கே இறங்கியபோது எல்லோரும் மாலுமி அறைக்குள் நெருக்கியடித்து, திரையில் அட்சரேகை எண்கள் சுழியத்துக்கு இறங்குவதைப் பார்த்தோம். கை தட்டினோம். கடல் ஒரு மாற்றமும் காட்டவில்லை.

இங்கே தரையிறங்க இடமில்லை, ரப்பர் படகும், முகமூடி போட்டு நீந்தும் ஸ்நார்கலும்தான். தண்ணீர் 18 டிகிரி. நிலநடுக்கோட்டில் இவ்வளவு குளிர் ஏன் என்றால், ஆழத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடிவரும் குரோம்வெல் நீரோட்டம் இந்தத் தீவுகளின் மேற்குச் சுவரில் மோதி மேலே எழும்புகிறது. குளிர்ந்த, சத்துள்ள தண்ணீர். பாசி, மீன், பெங்குவின் எல்லாம் அதை நம்பித்தான்.

போகவே மாட்டேன் என்றிருந்தேன். தம்பி விடவில்லை. "என் கையைப் புடிச்சுக்கோக்கா, நான் சொல்றேன் என்ன தெரியுதுன்னு." வெட்சூட்டுக்குள் உடம்பைத் திணிக்கவே கால் மணி நேரம் ஆனது. இறங்கியதும் எதிர்பார்த்ததுதான்: பச்சை, கீழே பழுப்பு, அவ்வளவே. தண்ணீருக்குள் அவன் எப்படிச் சொல்வான் என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை. வாயில் குழாய்.

அப்போது கீழிருந்த பழுப்புப் பாறை ஒன்று கிளம்பியது. மேலே வர வர அதற்கு ஓரம் வந்தது, பிறகு கட்டம் வந்தது, பிறகு முகம். பச்சைக் கடலாமை. என் முகமூடியிலிருந்து ஒரு சாண் தள்ளி மூச்சுக்கு மேலே போனது. கண் இமையின் சுருக்கம், கழுத்து மடிப்பில் ஒட்டியிருந்த பாசித் துணுக்கு, ஓட்டின் மேல் கீறல், எல்லாம் கண்ணாடி போட்டதுபோல் தெளிவு. நான் கையை மடக்கி மார்போடு வைத்துக்கொண்டேன். இரண்டு மீட்டர் விதியை அதற்கு யாரும் சொல்லவில்லை போலும். மூச்சு எடுத்துக்கொண்டு திரும்பக் கீழே இறங்கி, மறுபடி பாறையாகிவிட்டது.

முகமூடிக்காக யாரையும் திட்டுவதில்லை என்று இப்போதைக்கு முடிவு.

அக்டோபர் 16, புதன். எஸ்பினோசா முனை, ஃபெர்னான்டினா

இதற்காகத்தான் வந்தேன்.

தீவுகள் கிழக்கே நகரும் தட்டின் மேல் இருக்கின்றன. கீழே சூடு ஒரே இடத்தில் நிற்கிறது. அதனால் மேற்கே இருப்பதுதான் கடைக்குட்டி, இன்னும் அடங்காதது. இந்த மார்ச்சில்தான் வெடித்து, லாவா மலையிலிருந்து கடல் வரை வந்தது. ஆடு, பூனை, எலி என்று மனிதன் கொண்டுவந்த பாலூட்டி எதுவும் குடியேறாத பெரிய தீவு.

கரையில் கால் வைக்க இடம் தேட வேண்டியிருந்தது. கறுப்புப் பாறை என்று நினைத்ததெல்லாம் கடல் இகுவானா. நம் ஓணானுக்குப் பெரியப்பா மாதிரி ஒரு பிராணி, கடலில் மூழ்கிப் பாசி மேயும் ஒரே பல்லி இனம். குளிர் போகும்வரை ஒன்றின் மேல் ஒன்று படுத்து வெயில் காய்கின்றன, அடுத்தவன் தலைமேல் கை போட்டுக்கொண்டு. குடித்த உப்பை மூக்கு வழியாகத் தும்முகின்றன. கடலைச் சூடாக்கும் எல் நினோ வந்து பாசி அழிந்தால் உடம்பின் நீளமே குறைந்துவிடுமாம், எலும்போடு சேர்த்து, ஐந்தில் ஒரு பங்கு வரை. பாசி திரும்பினால் மறுபடி வளரும். ஒரு பெரிய ஆண் நேராக என்னை நோக்கி நடந்து வந்தது. "பின்னால், பின்னால்" என்றார் வழிகாட்டி. பின்னால் இன்னும் நாலு கிடந்தன.

கடைசி முனையில் நீர்க்காகம்.

எங்கள் ஊர் ஏரியில் சின்ன வயதிலிருந்து பார்த்த பறவை இது. பட்டுப்போன கருவேல மரத்தில் இறக்கையை விரித்துக் காயவைத்தபடி நிற்கும். கரையில் யாராவது இருமினால் போதும், பறந்துவிடும். அதன் உறவுக்காரர் இங்கே பறப்பதையே விட்டுவிட்டார். துரத்த யாரும் இல்லை, மீன் கரையோரமே கிடைக்கிறது, இறக்கை எதற்கு? உலகத்தில் இந்தத் தீவிலும் இசபெலாவின் கரைகளிலும் மட்டும்தான் இருக்கிறது.

கூட்டில் பெண் உட்கார்ந்திருந்தது. ஆண் கடலிலிருந்து பாறைமேல் தத்தி ஏறியது, அலகில் செம்பழுப்புக் கடல்பாசி ஒரு கொத்து. நீலப்பச்சைக் கண், பாசிமணி மாதிரி. குனிந்து கொடுத்தது. பெண் வாங்கி, கூட்டின் ஓரத்தில் செருகி, பிடிக்காமல் உருவி, இன்னொரு பக்கம் செருகியது. ஆண் பார்த்துக்கொண்டே நின்றது. பிறகு திரும்பிக் கடலைப் பார்த்து, அந்த இரண்டு இறக்கைகளையும் விரித்தது. கம்பி மட்டும் மிஞ்சிய கந்தல் குடை. பறக்க உதவாத அதைக் காற்றில் பிடித்து, ஏரிக்கரை நீர்க்காகம் நிற்கும் அதே தோரணையில், அதே பொறுமையோடு காயவைத்தது.

எனக்குத் தொண்டை அடைத்தது. ஏனென்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. குஞ்சு கொஞ்சம் வளர்ந்ததும் பெண் அதை ஆணிடம் விட்டுவிட்டு வேறு ஜோடி தேடிப் போய்விடும் என்று வழிகாட்டி சொன்னார். "பாவம்" என்றான் தம்பி. பாசியை அத்தனை கவனமாகச் செருகியவளைப் பார்த்த பிறகு எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை.

அக்டோபர் 17, வியாழன். உர்பினா விரிகுடா

1954-இல் இங்கே கடலடி ஒரே வீச்சில் 4 மீட்டருக்கு மேல் தூக்கிக்கொண்டது. இப்போது நாம் நடக்கும் காட்டுப்பாதையில் பவளப்பாறை காய்ந்து கிடக்கிறது, மூளை வடிவத்தில், அதைச் சுற்றிச் செடி.

வழியில் ஆட்டுக் கதை. கடலோடிகள் விட்டுப்போன ஆடுகள் பெருகி, ராட்சத ஆமைகளுக்கு இருந்த இலை, நிழல் எல்லாவற்றையும் மொட்டையடித்துவிட்டன. 2006-இல் முடிந்த திட்டத்தில் வடக்கு இசபெலா, சான்டியாகோ சேர்த்து லட்சத்துக்கும் மேல் ஆடுகளை ஹெலிகாப்டரிலிருந்தும் தரையிலிருந்தும் சுட்டுத் தீர்த்தார்கள். கடைசியில் ஒளிந்திருந்தவற்றைப் பிடிக்க, ஒரு ஆட்டுக்கு ரேடியோப் பட்டை கட்டி விடுவார்கள். ஆடு தனியாக இருக்காது, கூட்டத்தைத் தேடிப் போகும். பின்னாலேயே துப்பாக்கி. அந்த ஆட்டை மட்டும் விட்டுவிடுவார்கள், அடுத்த கூட்டத்தைத் தேடட்டும் என்று. யூதாஸ் ஆடு என்று பெயராம். வேறு வழியில்லை என்பது புரிகிறது. இருந்தாலும் திரும்பத் திரும்பத் துணை தேடிப்போன அந்த ஆட்டை நினைத்துக்கொண்டே மீதி வழியை நடந்தேன்.

அக்டோபர் 18, வெள்ளி

கடல் ஆட்டம். படுத்தே இருந்தேன். தம்பி மட்டும் இறங்கிப் போய், திரும்பி வந்து, ஃபோட்டோவைக் காட்டினான். தூங்கிப்போனேன்.

அக்டோபர் 19, சனி. பால்ட்ரா

காலையிலேயே இறக்கிவிட்டுவிட்டார்கள், மதியம் அடுத்த 16 பேர் வருகிறார்கள். விமானத்துக்கு இன்னும் மூன்று மணி நேரம். காலையிலிருந்து இடது கண்ணில் ஏதோ மங்கலாகவே இருந்தது, பயந்துபோய்க் கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். லென்ஸ் ஓரத்தில் வெள்ளையாகக் காய்ந்த நாலைந்து உப்புப் புள்ளி. புதன்கிழமைத் தும்மல். தம்பி துடைக்கத் துணி எடுத்துக் கொடுத்தான். இருக்கட்டும் என்று மறுபடி மாட்டிக்கொண்டேன்.