ஜெனரல் "முடியாது" என்று சொல்லும்போது

எல்லையில் ஏதாவது நடந்தால் போதும், "ராணுவத்தின் கையில் விட்டுவிடுங்கள், அரசியல்வாதிகள் ஒதுங்கிக்கொள்ளட்டும்" என்று வாட்ஸாப்பில் எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். எங்கள் வேலூர்ப் பக்கம் தெருவுக்கு நாலு பட்டாளத்துக்காரர் வீடு இருக்கும், அங்கேயும் இதே பேச்சுதான். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. அதற்காக, ஆட்சியில் இருப்பவர் சொன்னதை ஜெனரல் தலையாட்டிக் கேட்டுக்கொண்டால் போதும் என்பவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. போர் தொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பது மக்கள் தேர்ந்தெடுத்தவர்களின் வேலை, சரி. ஆனால் அந்த முடிவுக்கு முன்னால், "இது நடக்காது ஐயா" என்று ஒரு ஜெனரல் சொல்லும் இடமும், சொன்ன பிறகு அவர் பதவி தப்பிக்கும் நிலையும் இருக்கிறதா என்பதுதான் நான் பார்ப்பது.

அமைப்பு எப்படி என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசியல் சாசனத்தின் 53-வது பிரிவுப்படி முப்படைகளின் உச்சத் தலைமை குடியரசுத் தலைவரிடம். நடைமுறையில் முடிவு பிரதமர் தலைமையிலான பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழுவில் எடுக்கப்படுகிறது. பாதுகாப்பு, உள்துறை, வெளியுறவு, நிதி அமைச்சர்கள் அதில் இருப்பார்கள். அங்கிருந்து பாதுகாப்பு அமைச்சர், ராணுவத் தலைமைத் தளபதி, அவருக்குக் கீழே உதம்பூர், சண்டிமந்திர், கொல்கத்தா, புனே, லக்னோ, ஜெய்ப்பூர் ஆகிய ஆறு இடங்களில் இருக்கும் ஆர்மி கமாண்டர்கள், பயிற்சிக்கென்று சிம்லாவில் ஒருவர். தலைமைத் தளபதிக்கு 3 ஆண்டு அல்லது 62 வயது, எது முன்னால் வருகிறதோ அதுவரை பதவி.

வெள்ளைக்காரன் காலத்தில் இது வேறு மாதிரி. அப்போது கமாண்டர்-இன்-சீஃப் என்றால் வைஸ்ராய்க்கு அடுத்த ஆள், வைஸ்ராயின் நிர்வாகக் குழுவிலேயே அவருக்கு இடம் உண்டு. டெல்லியில் அவர் குடியிருந்த மாளிகையில்தான் பிறகு நேரு வந்து குடியேறினார், இப்போது தீன்மூர்த்தி பவன். 1955-ல் அந்தப் பட்டத்தையே எடுத்துவிட்டு, தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றின் தலைவர்களையும் வெறும் தலைமைத் தளபதிகள் என்று ஆக்கினார்கள். அக்கம்பக்கத்து நாடுகளில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த கதையைப் பார்த்தால், இது நமக்கு எவ்வளவு பெரிய நல்லது என்று தெரியும்.

ஆனால் அதோடு இன்னொன்றும் நடந்தது. படைத் தலைமையகங்கள் அமைச்சகத்தின் பகுதியாக இல்லாமல், அதோடு இணைக்கப்பட்ட வெளி அலுவலகங்களாக ஆயின. ராணுவம் ஒரு பொருள் வேண்டும் என்று கோப்பு எழுதினால் அது அமைச்சகத்துக்குப் போகும், அங்கே ஒரு இணைச் செயலர் கேள்வி எழுதித் திருப்பி அனுப்புவார், பதில் எழுதி மறுபடி போனால் நிதிப் பிரிவு வேறொரு கேள்வி கேட்கும். கேள்வி கேட்பது தப்பில்லை, மக்கள் பணம். ஆனால் கேட்பவர் இரண்டு வருடம் முன்னால் வேறொரு துறையில் இருந்திருப்பார், நாளை இன்னொரு துறைக்குப் போய்விடுவார், முடிவு தப்பாகப் போனால் பதில் சொல்ல அங்கே இருக்க மாட்டார். அமைச்சர் கட்டுப்படுத்தட்டும், அது ஜனநாயகம். அமைச்சரின் பெயரில் கோப்பு கட்டுப்படுத்துவது அதுவல்ல.

இதன் விளைவு 1962 சீனப் போரில் தெரிந்தது. அதற்கு மூன்று வருடம் முன்பே, 1959 ஆகஸ்ட் கடைசியில், பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனோடு ஒத்துப்போகாமல் தலைமைத் தளபதி திம்மையா ராஜினாமா கடிதம் கொடுத்தார். நேரு கூப்பிட்டுச் சமாதானம் சொல்லி வாபஸ் வாங்க வைத்தார். அப்புறம் நாடாளுமன்றத்தில் மேனன் பக்கம் நின்று திம்மையாவைக் குறை சொன்னார். பார்த்துக்கொண்டிருந்த மற்ற அதிகாரிகளுக்குப் பாடம் புரிந்திருக்கும்.

1962 செப்டம்பர் 22-ஆம் தேதிக் கூட்டத்தைப் பற்றி எப்போது படித்தாலும் எனக்கு மனசு ஆறாது. நேரு அப்போது லண்டனில், மேனன் நியூயார்க்கில். டெல்லியில் ஒரு துணை அமைச்சர் தலைமையில் உட்கார்ந்து, வடகிழக்கு எல்லையில் இருக்கும் தக்லா மலைமுகட்டிலிருந்து சீனர்களை வெளியேற்றுவது பற்றிப் பேசினார்கள். தலைமைத் தளபதி தாப்பர் தன் அச்சத்தைச் சொன்னார், சீனா லடாக்கில் பதிலடி கொடுக்கும் என்றார். அரசின் முடிவு மாறவில்லை. சரி, எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டார். ஒரு இணைச் செயலர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒரு பெரிய நாட்டோடு மோதச் சொல்லும் உத்தரவு, இணைச் செயலரின் கையெழுத்தில்! அதை வாங்கிக்கொண்டு தாப்பர் கீழே அனுப்பினார். மனசில் "முடியாது" என்று நினைத்தவர் அதை வாய்விட்டுச் சொல்லிப் பதவியைத் தூக்கி எறியாமல், ஒரு தாளைக் கேட்டு வாங்கியதோடு நின்றுவிட்டார்.

அந்தப் பகுதிக்குப் பொறுப்பான கோர் (பெரும்படைப் பிரிவு) கமாண்டர் உம்ராவ் சிங், இவ்வளவு பீரங்கியும் இவ்வளவு சாமான்களும் வராமல் தாக்க முடியாது என்று எழுதினார். என்ன ஆயிற்று? அவர் கையிலிருந்து அந்தப் பொறுப்பை எடுத்து, புதிதாக 4-வது கோர் ஒன்றை உருவாக்கி, போரில் படை நடத்திய அனுபவம் இல்லாத பி.எம். கவுலிடம் கொடுத்தார்கள். நம்கா சூ ஆற்றங்கரையில் 7-வது பிரிகேட் ஜவான்களில் பலர் கோடைக்காலப் பருத்தி உடையில், உயரமான மலைப் பகுதியில், அக்டோபர் குளிரில் நின்றார்கள். 20-ஆம் தேதி விடியற்காலை சீனா தாக்கியது. அந்தப் பிரிகேடின் தலைவர் பிரிகேடியர் டால்வி கைதியானார். தாப்பர், மேனன் இரண்டு பேரும் பதவி இழந்தார்கள், ஆனால் போன உயிர் போனதுதான்.

1971 இதற்கு நேர்மாறு. ஏப்ரல் மாதம், கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் கொட்டிக்கொண்டிருந்த நேரம், அமைச்சரவைக் கூட்டத்தில் இந்திரா காந்தி, இப்போதே போருக்குப் போகலாமா என்று தலைமைத் தளபதி மானெக்‌ஷாவைக் கேட்கிறார். அவர் பதில் இது: மழைக்காலம் வருகிறது, ஆறுகள் கடலாகிவிடும். பனி உருகினால் வடக்கே கணவாய்கள் திறக்கும், சீனா உள்ளே வரலாம். படைகளை நகர்த்தும் ரயில் பெட்டிகள் அறுவடைக்கு வேண்டும். இப்போது போனால் தோற்போம், வேண்டுமானால் நான் விலகிக்கொள்கிறேன் என்றாராம். இது மானெக்‌ஷாவே பின்னாளில் மேடைகளில் சொன்னது. ஆட்சியாளர்களும் ஏப்ரலில் போருக்குத் துடிக்கவில்லை, காட்சி அவ்வளவு நாடகமாக நடந்திருக்காது என்று சில வரலாற்றாளர்கள் சொல்கிறார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எப்படியானாலும் அவகாசம் கிடைத்தது. ஆகஸ்டில் சோவியத் ஒப்பந்தம் கையெழுத்தானது, படைகள் தயாராயின. டிசம்பர் 3-ல் தொடங்கி 16-ல் டாக்காவில் சரணடைவு. எப்போது, எப்படி என்பதைத் தளபதியும், போரா இல்லையா என்பதைப் பிரதமரும் பார்த்துக்கொண்டார்கள்.

ஜெனரல் சொன்னால் எப்போதும் சரியாகத்தான் இருக்கும் என்றும் நினைத்துவிடக் கூடாது. 1987, இலங்கைக்கு அமைதிப்படை போன ஆண்டு, நமக்கு நன்றாகத் தெரியும். அப்போது தலைமைத் தளபதி செங்கல்பட்டில் பிறந்த சுந்தர்ஜி, கூர்மையான மூளை, இயந்திரமயப் படைகளை உருவாக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு. புலிகளைச் சில வாரங்களில் அடக்கிவிடலாம் என்று அவர் சொன்னதாக அப்போது கொழும்பில் தூதராக இருந்த தீட்சித் எழுதியிருக்கிறார். அமைதிப்படை 1990 மார்ச்சில்தான் திரும்பியது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நம் வீரர்கள் இறந்துபோனார்கள், அங்கே இருந்த தமிழ் மக்கள் பட்டது தனிக்கதை. அங்கே குறை, ஜெனரல் "முடியும்" என்று சுலபமாகச் சொன்னதும், எந்தக் கணக்கில் சொல்கிறீர்கள் என்று யாரும் குடைந்து கேட்காததும்.

அதனால்தான் யார் தலைமைத் தளபதி ஆகிறார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. சட்டப்படி அரசு யாரை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம், வழக்கம் என்னவோ மூப்பு அடிப்படைதான். 1983-ல் எஸ்.கே. சின்ஹாவைத் தாண்டி வைத்யாவை நியமித்தார்கள், சின்ஹா விலகினார். 2016-ல் இரண்டு மூத்தவர்களைத் தாண்டி பிபின் ராவத் வந்தார். மூப்பு மட்டும் பார்ப்பதில் குறை உண்டு, பிறந்த தேதியும் பணியில் சேர்ந்த தேதியும் பொருந்தினால் போதும் என்றாகிவிடும். ஆனாலும் அதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது: அடுத்தது தான்தான் என்று தெரிந்தவருக்கு யாரையும் குளிர்விக்க வேண்டிய அவசியம் குறைவு.

கார்கில் போருக்குப் பிறகு, திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் தலைமையிலான குழு இந்த மொத்த ஏற்பாட்டையும் குறை சொன்னது. 2001-ல் அமைச்சர்கள் குழு, மூன்று படைகளுக்கும் பொதுவாக ஒரு முப்படைத் தலைமைத் தளபதி வேண்டும் என்றது. பதவி வந்ததென்னவோ 2020 ஜனவரி 1-ல். கூடவே ராணுவ விவகாரத் துறை என்று அமைச்சகத்துக்குள்ளேயே ஒரு துறை, அதன் செயலர் சீருடையில் இருப்பவர். கோப்புப் பிரச்சினையில் பாதிக்கு இது உண்மையான மருந்து, வரவேற்கிறேன். அந்தப் பதவிக்கு முதலில் வந்த ராவத் 2021 டிசம்பரில் குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விபத்தில் இறந்த பிறகு ஒன்பது மாதத்துக்கு மேல் அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. இடையில், 2022 ஜூனில், 62 வயது ஆகாத ஓய்வுபெற்ற லெப்டினன்ட் ஜெனரல்களையும் நியமிக்கலாம் என்று விதியை மாற்றினார்கள். அனில் சவுகான் அப்படித்தான் ஓய்விலிருந்து வந்தார். அவர் திறமை பற்றி எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. என் கவலை விதியைப் பற்றியது. தேர்வுக்கு உரியவர்கள் இவ்வளவு பேர் என்றால், எந்த அளவுகோலில் தேர்ந்தெடுக்கிறோம் என்று அரசு எழுதி வெளியிட வேண்டும். இல்லையென்றால் ஓய்வுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு லெப்டினன்ட் ஜெனரல், அமைச்சர் முன்னால் உம்ராவ் சிங் மாதிரி எழுதுவதற்கு முன் இரண்டு முறை யோசிப்பார்.

அடுத்து தியேட்டர் கமாண்டுகள் வரப்போகின்றன என்ற பேச்சு. மூன்று படைகளும் ஒரே கமாண்டருக்குக் கீழே. அந்தக் கமாண்டர் யாருக்குப் பதில் சொல்வார், முப்படைத் தலைமைத் தளபதிக்கா, நேராக அமைச்சருக்கா, அவர் ஒத்துக்கொள்ளாத உத்தரவு வந்தால் அந்த மறுப்பு எந்தக் காகிதத்தில் பதிவாகும்? நாடாளுமன்றத்தில் நம் எம்.பி.க்கள் யாராவது இதைக் கேட்டால் நன்றாக இருக்கும். பாதுகாப்புத் துறைக்கான நிலைக்குழுவில் இருப்பவர்கள் தாராளமாகக் கேட்கலாம், அதற்குத்தான் அந்தக் குழு.